எல்லாம் ஒரே சத்தத்தில்

பதிவில் சக்தி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் இடத்தில், கணினித் திரையில் சட்டை மைக்கின் சத்தக் கோடு ஏறவே இல்லை. கீர்த்திகா அதைப் பார்க்கத்தான் செய்தாள். பேட்டரி தீர்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கடந்துவிட்டாள். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். புருஷனைக் காணவில்லை என்றால் பதறாமல் இருக்க அவள் என்ன கல்லா?

முந்தாநாள் தலைச்சோலைக்கு மேலே காப்பித் தோட்டத்தை வீடியோ எடுக்கப் போனவன். ஸ்டாண்டில் நிறுத்திய கேமரா அப்படியே கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அவன் சட்டையில் குத்தியிருந்த வயர்லெஸ் மைக்கின் சத்தம் கேமராவுக்குள் ஒரு டிராக்கிலும், கேமராவின் சொந்த மைக் பிடித்தது இன்னொரு டிராக்கிலும் பதிவாகியிருந்தன. படத்தில் பனியைத் தவிர ஒன்றுமில்லை. இனி அவள் காதுதான் அவனைத் தேட வேண்டும்.

அவர்களுடைய யூடியூப் சேனலுக்கு எடுப்பவன் அவன், வெட்டி ஒட்டுபவள் அவள். ஓரிடத்தில் கிசுகிசுப்பு, அடுத்த இடத்தில் காது கிழிகிறது என்று பார்க்கிறவர்கள் திட்டி எழுதியதிலிருந்து, இரண்டு டிராக்கையும் சேர்த்து, சின்னச் சத்தத்தை ஏற்றி, பெரிய சத்தத்தை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே லெவலுக்குக் கொண்டுவருவது அவளுக்குக் கைப்பழக்கம். "உம்பட கையில குடுத்தா இடியும் எறும்பும் ஒரே சத்தத்துல பேசும்" என்று சக்தி கேலி செய்வான். இன்றும் கை தன் போக்கில் அதையே செய்தது.

சாயங்காலப் பனி ஜன்னலை அப்பிக்கொண்டிருக்க, ஈர மண்ணும் அடுப்புப் புகையும் கலந்த வாசம் அறைக்குள் தேங்கி நிற்க, ஹெட்போனில் சில்வர் ஓக் இலைகள் சலசலத்தன, சில்வண்டுகள் விடாமல் அறுத்தன, எங்கோ கல்லில் தண்ணீர் விழுந்தது, அத்தனைக்கும் நடுவே பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல அவன் குரல் வந்தது.

"கீர்த்தி... இங்க வா கண்ணு."

தண்ணீர் விழுகிறதென்றால் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடைதான். அழுகையும் சிரிப்புமாகத் தம்பி ராஜ்குமாருக்குப் போன் போட்டாள். தேடப் போனவர்களோடு அவனும் மேலேதான் இருந்தான்.

"ஓடைக்குப் போ ராஜு. மாமா அங்கதான் இருக்காரு. கூப்புட்டாருன்னா பதில் குடு."

"பனிக்குள்ள வாயில பதில் சொல்லக் கூடாதுன்னு இங்க எல்லாரும் சொல்றாங்கக்கா. வாளியெத் தட்டோணுமாம்."

"உசுருக்குக் கெடந்து தவிக்கறவருக்கு வாளிச் சத்தம் என்னன்னு புரியும்? நாஞ் சொல்றேன், பதில் குடு."

துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக் கண்ணம்மாளின் முகம் சுண்டிப்போனது. காலமெல்லாம் எஸ்டேட்டில் காப்பி பறித்தவள். "தப்புங்க கண்ணு. பெத்த புள்ள கூப்புட்டாலும் நாங்க வாளியெத்தான் தட்டுவோம். மனுசனா இருந்தாத் திருப்பித் தட்டுவான். வாயில பதில் சொன்னா, சொன்னவன் கொரல்லயே அது அடுத்த ஆளெக் கூப்புடும்."

கீர்த்திகாவுக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் அந்த ஏறாத கோடு முள்ளாக உறுத்தியது. டிராக்குகளைப் பிரித்தாள். ஏற்றியதையெல்லாம் பழையபடி இறக்கி, கேமரா டிராக்கை மட்டும் ஓடவிட்டாள். குரல் தொலைவில் தொடங்கியது. மெல்ல மெல்லக் கேமராவை நோக்கி வந்தது.

பிறகு சட்டை மைக்கை மட்டும் வைத்தாள். அதே இடம். அதே நொடி.

பேட்டரி தீரவில்லை. மூச்சு கேட்டது. சக்தியின் மூச்சு, பயந்த மூச்சு. கூப்பிடும் குரல் அதில் தேய்ந்து, எங்கோ தூரத்தில் கிடந்தது. அவன் நெஞ்சில் இருந்த மைக்கில், அவன் குரல் தூரத்தில்.

லெவலைக் கடைசி வரை ஏற்றினாள். டிக். டிக். டிக். மைக்கை நகத்தால் தட்டுகிறான். இப்படிப்பட்ட சத்தங்களைக் குப்பை என்று வழக்கமாக அவள் அழித்துவிடுவாள். பிறகு உதடு மட்டும் அசைவது போல ஒரு பேச்சு.

"கீர்த்தி, கூப்புடறது நானில்லெ. யாரும் பதில் சொல்லீராதீங்க."

அவள் அலறினாள். கையிலிருந்து நழுவிய போனை எடுத்துத் தம்பியை அழைத்தாள். போகவில்லை. மறுபடி அழைத்தாள். போகவில்லை. "ஐயோ, நானே அனுப்பிட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கண்ணம்மாள் ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள்.

கேட் கிறீச்சிட்டது.

"கீர்த்தி... கதவெத் தொற கண்ணு."

முற்றத்துச் சரளைக் கல் நெரிந்தது.

"கீர்த்தி... கதவெத் தொற கண்ணு."

படி. பிறகு கதவு.

கிட்டே வர வர குரல் பெரிதாக வேண்டும். ஆகவில்லை. கேட்டில் எவ்வளவோ கதவிலும் அவ்வளவே. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல. அவள் கையால் வைத்த லெவல்.

கண்ணம்மாள் வாளியைக் கவிழ்த்து வைத்துத் தட்டினாள். இருவரும் காத்திருந்தார்கள். யாரும் திருப்பித் தட்டவில்லை.

"அக்கா, மாமாவெக் கூட்டியாந்துட்டேன்" என்றது ராஜ்குமாரின் குரல், அதே சத்தத்தில்.