பாத்தாச்சு

தென்பள்ளக் குடியிருப்பில் யாரும் யாரையும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை. சாப்பாடு குழாயில் வருகிறது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில், ஒரே பாசிக்கூழ். அதைக் கேட்டு ஆகப்போவது என்ன? செவ்வாயின் அந்தப் பள்ளத்தில், ஊரையே மூடிய கண்ணாடிக் கவிகைக்குக் கீழே, எதிர்ப்படுகிறவர்கள் கேட்டுக்கொள்வது வேறு கேள்வி.

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

படத்தைத்தான். வாரம் ஒரு ஆவணப்படம் பார்ப்பது அங்கே சட்டம். பூமியில் வரி கட்டுவதைப் போல, தவறினால் காற்றுப் பங்கீட்டில் கை வைப்பார்கள். குடியிருப்பின் வாசலில், "பிறர் பிழையைப் பார்த்துக் கற்காதவன் தன் பிழையில் சாவான்" என்று கொட்டை எழுத்தில் பொறித்திருந்தது. செவ்வாயில் பிழை செய்து திருந்த இரண்டாம் வாய்ப்பு கிடையாது. அதனால் மற்ற குடியிருப்புகளில் என்ன நடந்தது, எது உடைந்தது, யார் எப்படி மாண்டார்கள் என்பதையெல்லாம் படமாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முன்னோர் முடிவு கட்டினார்கள். முன்னோர் என்றால் தூத்துக்குடி உப்பளத்துக்காரர்கள். செவ்வாய் மண்ணிலிருந்து உப்பைப் பிரிக்க ஆள் தேவைப்பட்டபோது, உப்பின் குணம் தெரிந்தவர்கள் என்று அவர்களைத்தான் ராக்கெட் ஏற்றினார்கள். தலைமுறை மூன்றாகியும் பேச்சு மாறவில்லை. உப்பின் குணம்தான் மறந்துபோயிருந்தது.

எந்தப் படத்தைப் பார்ப்பது என்று சொல்பவர் பரிந்துரையர். தென்பள்ளத்தின் பரிந்துரையர் அமலோற்பவம். அவள் "கட்டாயம் பாருங்கள்" என்று இரண்டு வார்த்தை எழுதினால் போதும், குடியிருப்பு முழுக்கப் பார்த்துவிடும். அந்தப் பெருமை அவள் நடையிலேயே தெரியும். நல்ல படத்தை மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள் என்று பேர்.

உண்மையில் அவள் முதல் பாதியைத்தான் பார்ப்பாள். மீதியைப் பிடரிச்சில்லிடம் விட்டுவிடுவாள்.

பிடரிச்சில்லு என்பது பிறந்த குழந்தைக்குக் கழுத்தின் பின்புறம் பொருத்தப்படும் அரிசியளவுக் கருவி. பார்வை இல்லாதவர்களும் நோயாளிகளும் சட்டத்தை மீறியவர்களாகிவிடக் கூடாது என்று, அதில் 'பதிலிப்பார்வை' என்றொரு வசதி வைத்திருந்தார்கள். ஆள் வேறு வேலை பார்க்கலாம். சில்லு படத்தைப் பார்த்து முடித்து, 'சாறு' பிழிந்து மூளைக்குக் கொடுக்கும். சாறு என்றால் படத்தின் சுருக்கம், அதற்கேற்ற ஓர் உணர்ச்சி, நாலு பேரிடம் சொல்ல ஒரு வாக்கியம். அமலோற்பவத்துக்குப் பார்வைக் கோளாறு ஏதுமில்லை. படங்கள் குவிந்துகொண்டே இருந்தன, அவ்வளவுதான். 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். தான் இப்படிச் செய்தாலும் ஊர் ஒழுங்காக உட்கார்ந்து பார்க்கிறது என்று அவள் மனமார நம்பினாள்.

அந்த வாரம் வந்த படத்தின் பெயர் 'கிழக்குப் பள்ளம் விடைபெறுகிறது'. அழிந்துபோன இன்னொரு குடியிருப்பைப் பற்றியது. அங்கே இருந்தவர்களே எடுத்த காட்சிகளைத் தொகுத்திருந்தார்கள். வழக்கம்போல அசட்டையாகப் பார்க்கத் தொடங்கிய அமலோற்பவம், கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கிழக்குப் பள்ளத்துக் கவிகை தரையோடு சேரும் வடக்கு இணைப்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. மண்ணிலிருந்த உப்பு, ஈரம் தேடி இணைப்புக்குள் ஏறி, உள்ளே பூத்துப் பூத்து அதைப் பிளந்துகொண்டிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் அதைத் துணியால் துடைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த வெள்ளையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அவளுக்கு உறுத்தியது. படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போனாள். தென்பள்ளத்தின் வடக்கு இணைப்பு, பாசிக்கூடத்தின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. அவள் மகள் ஸ்டெல்லா வேலை செய்வது அந்தப் பாசிக்கூடத்தில்தான். இணைப்பின் அடியில், மல்லிகை மொட்டு அளவுக்கு, வரிசையாக வெள்ளை பூத்திருந்தது.

அமலோற்பவம் வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தவளுக்குப் படத்தின் மீதியைப் பார்க்கும் பொறுமை இல்லை. சில்லிடம் விட்டாள். சாறு வந்தது: 'உப்பு வடக்கு இணைப்பைப் பிளந்தது. மக்கள் அனைவரும் புகலறைக்குள் சென்றனர். நெஞ்சை உலுக்கும் முடிவு.' அது போதும் என்று நினைத்தாள். "இதுவரை நான் சொன்ன எல்லாப் படங்களையும் விட இது முக்கியம். கட்டாயம் பாருங்கள். தள்ளிப் போடாதீர்கள்" என்று எழுதி ஊருக்கு அனுப்பினாள். தான் வாயால் சொல்வதைவிடப் படம் நன்றாக உறைக்கும், பார்த்ததும் ஊரே பதறியடித்து வடக்கு இணைப்புக்கு ஓடும் என்று காத்திருந்தாள்.

ஊர் ஓடவில்லை. பாராட்டியது.

"படமாக்கா அது! ரெண்டு நாளா சோறு எறங்கல," என்றார் ஒருவர், கூழை உறிஞ்சிக்கொண்டே. குடியிருப்பின் தலைவி சந்தனமாரி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கண் உண்மையாகவே கலங்கியிருந்தது.

"முடிவு நெஞ்சையே உலுக்கிருச்சு அமலோற்பவம். இந்த மாதிரி படமா எடுத்துப் போடுங்க."

"அப்ப இணைப்புக்கு எப்ப ஆள் அனுப்புதீய?"

"எந்த இணைப்பு?"

அமலோற்பவம் அவள் முகத்தையே பார்த்தாள். சந்தனமாரி விளையாடவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

அமலோற்பவம் நேராகப் பாசிக்கூடத்துக்குப் போனாள். ஸ்டெல்லா கூழ்க் கொப்பரையில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் மொட்டுகள் இப்போது மலர்களாகியிருந்தன.

"ஏட்டி, அந்தப் படம் பாத்தியா?"

"பாத்தாச்சும்மா. முடிவுல நெஞ்சே உலுங்கிப் போச்சு."

"அதுல சொவத்துல வெள்ளையா பூத்துதே, அது என்னது?"

ஸ்டெல்லா துடுப்பை நிறுத்தினாள். "பனியா?"

"திரும்பிப் பாரு."

மகள் திரும்பிப் பார்த்தாள். பார்த்தும் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தபிறகுதான் பயந்தாள்.

"யாரும்மா இப்பல்லாம் உக்காந்து பாக்கா? எல்லாரும் சில்லுலதான் விடுதாவ. நீ பரிந்துரை பண்ணுதே, நாங்க நல்லாருக்குன்னு சொல்லுதோம். ஒனக்கும் சந்தோசம்லா? வீட்டுக்கு வந்தவங்க பசியோட இருந்தாலும் சாப்டாச்சுன்னுதான சொல்லுவாவ. அது மாதிரிதான் இதும்."

அமலோற்பவத்துக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. இத்தனை வருடம் அவள் ஊருக்கு அறிவூட்டிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். தன்னுடைய இரண்டாம் பாதிகள் அந்த நேரம் அவள் நினைவுக்கு வரவே இல்லை. அடுத்தவர் முதுகு தெரிகிற அளவுக்கு நம் முதுகு நமக்குத் தெரிவதில்லை.

சந்தனமாரியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து சுவரைக் காட்டினாள். தலைவி ஆட்களைக் கூப்பிட்டாள். இணைப்பைப் பிரித்து அடைக்க ஆட்கள் புறப்பட்டார்கள். அடைக்கும் பசையைக் காய்ச்சத் தொடங்கினார்கள். அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் எல்லோரும் ஒதுங்கப் புகலறை இருக்கிறது. பாறையைக் குடைந்து செய்த, தனிக் காற்றுள்ள அறை. கட்டியதிலிருந்து யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. அதன் பொறுப்பு பராமரிப்பாளன் சூசைமாணிக்கத்திடம் இருந்தது. பதைப்போடு ஓடிக்கொண்டிருந்த அமலோற்பவம் வழியில் அவனைப் பார்த்தாள்.

"சூசை! பாத்தாச்சா?"

"பாத்தாச்சுக்கா!"

"அப்பாடா," என்று அவள் ஓடிவிட்டாள்.

பசை காயும் முன்பே இணைப்பு பிளந்தது. கூழ் வரும் நேரம். முதலில் ஒரு விசில் சத்தம் கேட்டது, பிறகு பாசிக்கூடத்தின் கதவுகள் ஒவ்வொன்றாக அறைந்து சாத்திக்கொண்டன. அபாயச் சங்கு ஊதியது. அமலோற்பவம் எல்லோரும் ஓடிய திசைக்கு எதிராக ஓடி, கூழ் அப்பிய கையோடு நின்ற மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். எல்லோரும் புகலறைக்குள் நுழைந்தார்கள். சூசைமாணிக்கம் கடைசியாக வந்து கதவை இழுத்துச் சாத்தினான். தலைகளை எண்ணினார்கள். ஒருவர் கூடக் குறையவில்லை.

சந்தனமாரி அழுதாள். இந்த முறை சாறு தராத அழுகை. "அமலோற்பவம் மட்டும் அந்தப் படத்தச் சொல்லலன்னா, இந்நேரம் நாம யாரும் இருக்க மாட்டோம்," என்றாள். எல்லோரும் அவளைக் கும்பிட்டார்கள். அமலோற்பவம் மகளின் தலையைத் தடவிக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று வாயால் சொல்லிக்கொண்டு, அந்தக் கும்பிடுகளை வாங்கிக்கொண்டாள்.

மேட்டுக் குடியிருப்பிலிருந்து மீட்பு ஊர்தி வந்து சேரும்வரை உள்ளே இருக்க வேண்டும். பாறைக்குள் அலை எட்டாததால் யாருடைய சில்லும் வேலை செய்யவில்லை. பிறந்ததிலிருந்து முதல்முறையாக எல்லோருக்கும் தலைக்குள் அமைதியாக இருந்தது. அந்த அமைதி அவர்களை என்னவோ செய்தது. சுவரில் ஒரு பழைய திரை இருந்தது, குடியிருப்பின் படங்களெல்லாம் கம்பி வழியாக வந்து அதற்குள் சேமிப்பில் இருந்தன.

"நம்ம உயிரக் காப்பாத்துன படத்தையே போடுங்க," என்றாள் சந்தனமாரி. "இப்பவாவது கண்ணால பாப்போம்."

பார்த்தார்கள். குழந்தைகள் கூட இமைக்காமல் பார்த்தார்கள். வடக்கு இணைப்பு பூத்தது, பிளந்தது. மக்கள் ஓடினார்கள். தெரிந்த இடத்தையெல்லாம் அமலோற்பவம் விரலால் சுட்டிக்காட்டி விளக்கினாள். பாதி வந்தது. அதன்பிறகு அவள் விரல் கீழே இறங்கியது.

திரையில் ஒரு பாறை அறை தெரிந்தது. அவர்கள் உட்கார்ந்திருந்த அறையின் அச்சு. நரைத்த பெண்ணொருத்தி கேமராவுக்கு மிக அருகில் வந்து, மூச்சை நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"பார்க்கிறவர்களே, இதை மட்டும் கேளுங்கள். இணைப்பு உடைந்ததால் நாங்கள் சாகவில்லை. இந்தக் கதவால் சாகிறோம். இதன் விளிம்பில் ரப்பர் பட்டை இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் திறக்காமல் கிடந்ததால் உப்பு முதலில் இதைத்தான் தின்றிருக்கிறது. சாத்தினால் பூட்டு இறுகிவிடும், பிறகு திறக்காது. காற்றும் நிற்காது. உள்ளே வரும் முன்னே விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளையாக ஒட்டினால் வெந்நீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் தடவுங்கள், போதும். அரை நாள் வேலை. நாங்கள் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள்."

படம் முடிந்தது. எல்லோர் கண்ணும் சூசைமாணிக்கத்தின் மேல் இருந்தது. அவன் எழுந்து போய், கதவின் விளிம்பில் விரலை ஓட்டினான். விரலை நாக்கில் வைத்தான்.

"கரிக்குது," என்றான்.

பூட்டை இழுத்துப் பார்த்தான். இன்னும் மூன்று பேர் சேர்ந்து இழுத்தார்கள். அசையவில்லை.

"சூசை," என்றாள் அமலோற்பவம். "பாத்தாச்சான்னு கேட்டேனடா. பாத்தாச்சுன்னியே."

"நீங்க கதவக் கேட்டீயளா?" சூசைமாணிக்கம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "படத்தக் கேக்குதீயன்னு நெனச்சேங்கா. அதையும் நா பாக்கல."

எங்கோ விளிம்பில், பால் பொங்குவதற்கு முன் கேட்கும் சத்தம் போல, மெல்லியதாக ஒன்று கேட்கத் தொடங்கியிருந்தது. ஸ்டெல்லா அம்மாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"எம்மா, நாங்கதான் பாக்கல. நீ முழுசாப் பாத்தேல்லா? கதவப் பத்தி ஏம்மா ஒரு வார்த்த சொல்லல?"

அமலோற்பவத்துக்கு மகளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. நெஞ்சு முழுக்க அதுதான் முட்டியது. ஆனால் வாய் பழகிய வாய்.

"பாத்தாச்சு," என்றது.

புகலறையின் கூரை மூலையில் இருந்த கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. மீட்பு ஊர்தி வந்து கதவை அறுத்துத் திறந்தபோது, அது ஒன்றுதான் நல்ல நிலையில் கிடைத்தது.

காட்சிகள் பூமிக்குப் போயின. நல்ல இசை சேர்த்து, 'தென்பள்ளம் விடைபெறுகிறது' என்று தலைப்பிட்டு வெளியிட்டார்கள். விருதுகள் குவிந்தன. காலியான கவிகையைப் பழுதுபார்த்து, அதில் குடியேற அடுத்த கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். புகலறைக்குப் பழைய மாதிரியிலேயே புதுக் கதவு செய்து அனுப்பினார்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே, ஏவுதளத்துக் காத்திருப்புக் கூடத்தில், பெட்டி படுக்கையோடு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. ஏறுவதற்கு முன் அந்தப் படத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்பது விதி.

"எல்லாரும் பாத்தாச்சா?" என்று கேட்டார் அதிகாரி.

"பாத்தாச்சு!" என்றது கூடம், ஒரே குரலில்.

முன்வரிசையில் இருந்த புதுப் பரிந்துரையர் லூர்துமணி, போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "நெஞ்ச உலுக்கிருச்சு சார்," என்றாள். அந்தப் படத்தை அவள் அப்போதுதான் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தாள், 'கட்டாயம் பாருங்கள்' என்று எழுதி. பக்கத்தில் வழியனுப்ப வந்திருந்த தங்கை அதை எட்டிப் பார்த்தாள்.

"நீ பாத்தியாக்கா?"

"எங்கட்டி நேரம்? நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்லுதாவ. போற வழியில பாத்துக்கிட்டாப் போச்சு."

மாதக்கணக்கான பயணம். நேரத்துக்கா பஞ்சம்?