பதிவில் மூன்று பேர்

மகளின் கட்டிலடியில் இரண்டு ஜோடி செருப்புகள் இருந்தன.

அந்த ஹோட்டலில் மாலை ஆறு மணிக்கு ஒரு வழக்கம் உண்டு. அறைப் பணிப்பெண் வந்து கனத்த திரைகளை இழுத்து மூடி, மேல்விரிப்பின் ஓரத்தை முக்கோணமாக மடித்து, படுத்தவர் எழுந்தால் வெறுங்கால் தரையில் படாதபடி வெள்ளைத் துணிச் செருப்பு ஒரு ஜோடியைக் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போவாள். மகளுக்கு எடுத்தது ஓர் ஆள் அறை. கட்டிலின் இடப்பக்கம் ஒரு ஜோடி இருந்தது. வலப்பக்கம், ஆள் இறங்கவே இடமில்லாத சுவரோரத்தில், இன்னொன்று இருந்தது.

நீதிபதி இப்படிப்பட்டவற்றைக் கவனிக்கிறவர். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும் அவருடைய முதுகு நாற்காலியின் சாய்வைத் தொட்டதில்லை. வெளியே வந்து, தாழ்வாரத்தில் வண்டி தள்ளிக்கொண்டிருந்த பணிப்பெண்ணை நிறுத்தினார்.

"இந்த அறைக்கு ஒரு ஆள்தானம்மா. ரெண்டு ஜோடி எதுக்கு?"

"ரெண்டு பேர் படுத்திருந்தாங்களே ஐயா." அவள் குரலில் சந்தேகமே இல்லை. "காலையில படுக்கையைத் தட்டும்போது தலையணையில எத்தனை பள்ளம்னு பாத்துக்குவோம். சாயங்காலம் அத்தனை ஜோடி வைப்போம். யாரு, என்னன்னு கேக்கக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு. இங்க வர்றவங்க ஆயிரம் காரணத்தோட வருவாங்க."

"என் மகள் தனியாத்தான் படுத்தா."

"சரிங்க ஐயா." அறைக்குள் வந்து, குனிந்து ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டாள். போகும்போது மட்டும், மனசு கேட்காதவள் போல, "ஒரு தலையணை சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தது. மாத்திட்டேன்" என்றாள்.

இந்த ஹோட்டலை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தேர்ந்தெடுத்தது. பையனின் அப்பாவுக்குக் கப்பல் தொழில்; அதனால் நீதிபதியின் மனைவி அவருக்குக் கப்பல்காரர் என்றே பெயர் வைத்துவிட்டாள். "நூறு வருஷத்து ஹோட்டல் சம்பந்தி, ராஜாக்கள் தங்கின இடம். அங்கயே பேசி முடிச்சிடலாம்" என்று கப்பல்காரர் தொலைபேசியில் சொன்னபோது நீதிபதி சரி என்றார். வேறு இடம் பார்க்கலாமே என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும்.

முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன் அவருடைய தங்கை, இந்த ஹோட்டலில் பியானோ வாசித்த ஒருவனை நம்பி வீட்டை விட்டு வந்தாள். இரண்டாம் மாதம் அவன் காணாமல் போனான். அடுத்த வாரம் மூன்றாம் மாடிக் குளியல் தொட்டியில் அவளைக் கண்டெடுத்தார்கள். அவளுடைய கைப்பையில் அண்ணனின் முகவரி இருந்தது. அப்போது அவர் இளம் வக்கீல். யாருக்கும் சொல்லாமல் ரயிலேறி வந்தார். சலவைக்கூடத்துக்குப் பக்கத்தில், கஞ்சியும் சோப்பும் கொதிநீராவியும் மணக்கும் ஒரு நடையில், மேலாளர் வெள்ளை விரிப்பை முகம் வரை விலக்கிவிட்டு, "உங்க வீட்டுப் பொண்ணா?" என்று கேட்டார்.

அப்பா உயிரோடு இருந்தார். கல்யாணமாகாத இரண்டு தங்கைகள் வீட்டில் இருந்தார்கள். அவர் நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இல்லை. எங்க குடும்பத்துல இப்படி யாரும் இல்லை" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் இரண்டு தங்கைகளும் நல்ல இடங்களில் வாழ்க்கைப்பட்டார்கள். அப்பா தலை நிமிர்ந்தபடியே கண்ணை மூடினார். அந்த வார்த்தைக்காக நீதிபதி வெட்கப்பட்டதில்லை. யார் அடக்கம் செய்தார்கள், எங்கே செய்தார்கள் என்று கேட்டதும் இல்லை.

மகள் கடையிலிருந்து திரும்பி வந்தாள். வாயாடி. வீட்டில் அவரைக் "கனம் கோர்ட்டார் அவர்களே" என்று கூப்பிடுகிற ஒரே ஜீவன்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, என் அறையில நின்னு என்ன விசாரணை? எல்லாம் ஓகேதானே?"

"நேத்து ராத்திரி உன்கூட யாராவது இருந்தாங்களா?"

"அட, மறந்தே போச்சுப்பா. அந்த அக்கா." பைகளைக் கட்டிலில் போட்டாள். "கதவைத் தட்டினாங்க. குளிச்ச தலையோட நின்னாங்க. அவங்க அறையில ஒரே குளிருதாம். பாவமா இருந்தது, உள்ள வாங்கன்னேன். பேசிக்கிட்டே இருந்தோம், நான் தூங்கிட்டேன் போல. என்னை மாதிரியே மூக்குப்பா அவங்களுக்கு!"

"என்ன பேசினா?"

"ரொம்ப வருஷமா இங்கயே தங்கியிருக்காங்களாம். வீட்டு ஆள் யாராவது வந்து, எங்க பொண்ணுதான்னு சொன்னாத்தான் வெளிய விடுவாங்களாம். சிரிச்சிட்டேன். இது என்ன ஹோட்டலா, ஜெயிலான்னு கேட்டேன்." மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். "அப்பா? ஏன் இப்படி வேர்க்குது?"

அறையை மாற்றியிருக்கலாம். ஊருக்கே திரும்பியிருக்கலாம். ஆனால் ஏழரை மணிக்குச் சம்பந்தி வீட்டாரோடு சாப்பாடு, பேச்சு முடிவு. எட்டு மாதமாகக் கூடிவந்த சம்பந்தம். "கண்ட ஆளையெல்லாம் உள்ள விடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

ஏழு இருபதுக்கு அவரும் மனைவியும் கிளம்பினார்கள். தாழ்வாரத்தின் கம்பளம் காலடிச் சத்தத்தை விழுங்கியது; மஞ்சள் விளக்குகளுக்கு நடுவே ஒவ்வொரு கதவும் ஒரே மாதிரி மூடியிருந்தது; குளிர்ந்த காற்றில் மெழுகு மணமும் பழைய மர மணமும் கலந்து வர, அவற்றுக்கு அடியில், மிக லேசாக, கஞ்சியும் சோப்பும் கொதிநீராவியும். மூன்றாம் மாடியில் சலவைக்கூடம் கிடையாது.

மகளின் கதவருகே நின்றார். உள்ளே குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். அதோடு மகளின் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு முடிந்த பிறகு, இன்னொரு சிரிப்பு.

கை தானாக மேலே போனது. தட்டவில்லை.

"வாங்க, நேரமாச்சு" என்றாள் மனைவி. "அவ தயாராகி வருவா. முதல் நாளே காக்க வைக்கற குடும்பம்னு சொல்லிடப் போறாங்க."

அது சரிதான் என்று அவருக்கும் பட்டது.

சாப்பாட்டுக் கூடத்தில் விளக்கைக் குறைத்து மேசைக்கு மேசை மெழுகுவர்த்தி வைத்திருந்தார்கள். கப்பல்காரர் எழுந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் மனைவி நகை அதிகம் போடாத, நல்ல சிரிப்புள்ள பெண்மணி. பையன் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். நல்ல குடும்பம். நீதிபதியின் நெஞ்சு கொஞ்சம் இளகியது.

சூப் வருவதற்குள் மகளும் வந்தாள். பச்சைப் பட்டு, குனிந்த தலை, தோளில் விரிந்த கூந்தல். ஓசையில்லாமல் அவருக்கும் மனைவிக்கும் நடுவே உட்கார்ந்தாள். பெரியவர்களின் பேச்சில் குறுக்கிடவில்லை. கேட்டதற்குத் தலையை மட்டும் அசைத்தாள்.

"வாயாடி ஊமையாயிட்டா பாத்தீங்களா?" என்று மனைவி அவர் காதில் கிசுகிசுத்தாள்.

"இந்தக் காலத்துல இவ்வளவு அடக்கமா ஒரு பொண்ணா!" என்றார் கப்பல்காரர். "எங்க வீட்டுல எல்லாரும் ஒலிபெருக்கி சம்பந்தி, கொஞ்சம் அமைதி வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நீதிபதியும் சிரித்தார். மகள் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பெருமையாக இருந்தது.

அப்போதுதான் இரவுப் பொறுப்பு அதிகாரி வந்து அவர் காதருகே குனிந்தார்.

"மன்னிக்கணும் சார். கதவுக்கு வெளிய ஒரு பொண்ணு நிக்கறாங்க. குளியல் அங்கியோட, தலையெல்லாம் ஈரம். உடுப்பைக் காணோம்னு அழறாங்க. அறை அட்டையும் கையில இல்லை. உங்க குடும்பம்னு சொல்றாங்க. ஆனா உங்க பதிவுல மூணு பேர்தான், மூணு பேரும் இங்க இருக்கீங்க. பதிவுல இருக்கறவங்க நேர்ல பாத்து, எங்க ஆள்தான்னு சொன்னா உள்ள விடுவோம். ஒரு நிமிஷம் வந்து..."

தங்கை வந்துவிட்டாள். இத்தனை பேர் முன்னால். கப்பல்காரரின் கரண்டி பாதியில் நின்றது. பையனின் தாய் புருவத்தை உயர்த்தினாள்.

"ஏதாவது பிரச்சினையா சம்பந்தி?"

"ஒண்ணுமில்ல." நீதிபதியின் முதுகு நிமிர்ந்தது. அதிகாரியிடம், மேசையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, தீர்ப்பு வாசிக்கும் குரலில் சொன்னார்: "வந்து பாக்க வேண்டியதில்லை. எங்க குடும்பத்துல அப்படி யாரும் இல்லை."

"சரிங்க சார். பின்பக்கமா அனுப்பிடறோம்."

முடிந்தது. மூச்சு சீராயிற்று. தண்ணீர் குடித்தார். கண்ணாடிக் குவளையைக் கீழே வைக்கும்போதுதான் தற்செயலாகக் கதவுப் பக்கம் பார்வை போனது.

கனத்த கண்ணாடிக் கதவு. அதற்கப்பால் நீண்ட தாழ்வாரம். இரண்டு காவலர்கள். நடுவே வெள்ளை அங்கி. கைகளை உதறுகிறாள். திரும்புகிறாள்.

மூக்கு. நெற்றி. திறந்த வாய்.

சத்தம் வரவில்லை. உதடு மட்டும். அப்பா. அப்பா.

மகள்.

சுமை ஏற்றும் லிஃப்டின் இரும்புக் கதவு திறந்தது. மூடியது. மேலே, கீழ்நோக்கிய சிவப்பு அம்பு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. இந்தக் கட்டடத்தில் இறங்குவதற்கு அவ்வளவு மாடிகள் இல்லை.

நீதிபதி எழுந்தார். நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. கூடம் முழுவதும் அவரை நோக்கித் திரும்பியது.

பட்டுச் சேலைக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. தொட்டித் தண்ணீரின் குளிர். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. குனிந்த தலை முதல்முறையாக நிமிர்ந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், வருஷங்கள் தொடாத முகம், அவரையே பார்த்துப் பிரியமாகச் சிரித்தது.

"உக்காருங்க அண்ணா" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "எல்லாரும் பாக்கறாங்க."

உட்கார்ந்தார்.

பையனின் தாய் எழுந்து வந்து, தன் கைத் தங்க வளையலைக் கழற்றி, அந்த வெளுத்த கையை எடுத்து மெதுவாக மாட்டினாள். "கை என்ன இப்படிச் சில்லுன்னு இருக்கு!" என்று செல்லமாகக் கேட்டாள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கூடத்தில் யாரோ கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். நாற்காலியின் சாய்வைத் தொடாத முதுகோடு நீதிபதியும் தட்டினார். கதவுக்கு அப்பால் அம்பு இன்னும் கீழ்நோக்கி எரிந்துகொண்டிருந்தது.