மூடியில் பூசிய திருநீறு

“நைட்டு நிறுத்தினா காலைல பேட்டரி செத்துக் கிடக்குது மேடம். அப்பா ஓட்டின கார். மெக்கானிக் நெய்னா முகம்மதுதான் ஏதோ பண்றார்னு தம்பி சொன்னான். நம்பி, அவரை வாசலோட அனுப்பிட்டேன். அப்புறமும் அதே கதை. பேசாம வண்டியைத் தம்பிக்கே கொடுத்துடலாம்னு பாக்கறேன்” என்றார் பூதலூர் செழியன்.

“அப்ப மெக்கானிக் இல்லக்கா!” என்று துள்ளினாள் உதவியாளர் ஷமா.

“அவசரப்படாத. முதல்ல வண்டியைப் பாப்போம்” என்றார் துப்பறிவாளர் குந்தவை.

கொட்டகையில் அந்தப் பழைய கார் சண்டி மாடு மாதிரி நின்றது. தம்பி அன்பரசன் சிரித்த முகமாக வந்தார். இடுப்புப் பையிலிருந்து திருநீறு எடுத்து, மூன்று விரலால் ஸ்டீயரிங்கில் பட்டை போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினார். ம்ஹூம், முனகல்கூட இல்லை.

“எனக்கு ஓட்ட மட்டுந்தாங்க தெரியும். பானட்டைத் திறந்ததே இல்ல” என்றார்.

குந்தவை வேறு பேட்டரி வைத்து, அதன் ஒரு வயரைக் கழற்றி, இடையில் சின்ன சோதனை பல்பை மாட்டினார். சாவி போடாமலே பல்பு எரிந்தது. “பாருங்க, எதுவோ கரண்டைக் குடிக்குது.” பானட்டுக்குள் இருந்த ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒன்றைப் பிடுங்கியதும் பல்பு அணைந்தது. அதிலிருந்து ஒரு புது வயர் விரிப்புக்கு அடியில் டிக்கி வரை ஓடியது. ஃபியூஸை மறுபடி போட்டதும், ஸ்டெப்னிக்குப் பின்னால் கறுப்பு டேப் சுற்றிய பல்பு ஒன்று கள்ளத்தனமாக எரிந்தது.

செழியன் குனிந்து அந்த வயரைத் தொட்டுப் பார்த்தார்.

“பாத்தியாண்ணே? நெய்னா வேலைதான்!” என்றார் அன்பரசன்.

குந்தவை ஃபியூஸ் பெட்டியின் மூடியை நீட்டினார். “வண்டி முழுக்க ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனமும் குங்குமமும் இருக்கு. இந்த மூடியில மட்டும் மூணு விரல் திருநீறு. தொடறதுக்கு முன்னாடி திருநீறு பூசற கை யாரோடது? பானட்டைத் திறந்ததே இல்லன்னீங்களே, சார்?”

ஷமா ஸ்டீயரிங்கைப் பார்த்தாள். செழியனும் பார்த்தார்.

அன்பரசன் தலை குனிந்தார். “அப்பா வண்டி... சும்மா தொட மனசு வரல. வெறுத்துப்போய் நீயா கொடுப்பேன்னு நினைச்சேண்ணே.”

“கேட்டிருந்தா கொடுத்திருப்பேனேடா, பாவி! உன் பேச்சை நம்பி ஒரு நல்ல மனுஷனைத் திருடன் மாதிரி துரத்தினேனே! கூடப் பொறந்தவனே குழி பறிச்சா நான் யார்கிட்டடா போய்ச் சொல்றது?”

செழியன் சாவியைத் தம்பியின் கையில் வைத்து அழுத்தினார். “எடுத்துட்டுப் போ. நெய்னா வீட்டுக்கு நான் பஸ்ல போய்க்கிறேன். இனிமே அண்ணேன்னு மட்டும் கூப்பிடாத.”

அவர் திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கினார். அன்பரசன் காரில் ஏறி உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் கை திருநீற்றுப் பைக்குப் போனது; பாதியிலேயே நின்றுவிட்டது.