இருட்டறையில் தொண்ணூறு விநாடி

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

உள்ளே இன்டர்காம் அடித்தது... அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது.

எடுக்க வேண்டிய டாக்டர் ஆதிநாராயணன் அதற்கு இரண்டடி தள்ளி, நாற்காலியோடு கவிழ்ந்து கிடந்தார்.

கதவுக்கு வெளியே அஹ்சன் இன்டர்காம் ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றான். வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து இப்போதுதான் வந்திருந்தான். தலையில் தொப்பிகூடக் கழற்றவில்லை. மணி ஒன்று நாற்பத்தைந்து.

சிவப்பு எரிந்தால் திறக்கக் கூடாது. அது இந்தக் கம்பெனியின் சட்டம்.

இருபத்தேழு வயது அஹ்சன் முதல் தடவையாகத் தெரிந்தே சட்டத்தை மீறினான். கதவை இழுத்துத் திறந்தான். பகல் வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. கூடவே, உள்ளிருந்து ஒரு குளிர் வெளியே வந்து காலைத் தொட்டது.

"சார்..."

சார் பதில் சொல்லவில்லை.

இனி ஒருபோதும் சொல்லப் போவதும் இல்லை.

*

2009 ஆகஸ்ட். கும்மிடிப்பூண்டி சிப்காட். இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஷெட், 'ஒளிச்சாவி சிஸ்டம்ஸ்'. அதன் வாசலில் ஜீப் நின்றது.

இன்ஸ்பெக்டர் குப்புராஜ் இறங்கினார். பள்ளிப்பட்டுக்காரர். ஐம்பது வயது, பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய பொறுமை. சட்டைப்பையில் ஒட்டிய கவர் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. பின்னால் கான்ஸ்டபிள் சின்னராசு.

"டீ சொல்லட்டுமா சார்?"

"சொல்லு. சக்கரை..." குப்புராஜ் சட்டைப்பையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். "வேணாம். பாதி போடச் சொல்லு."

பத்தே நிமிடத்தில் இரண்டு விஷயம் கிடைத்தது. ஒன்று, இருட்டறைக்கு வெளியே நிற்கும் திரவ நைட்ரஜன் டாங்க்கிலிருந்து அறைக்குள் போகும் குழாயின் வால்வு முழுசாகத் திறந்திருந்தது. இரண்டு, அறையின் எக்ஸாஸ்ட் குழாயில் கறுப்புத் துணி திணிக்கப்பட்டிருந்தது.

வாசனை இல்லாத, நிறம் இல்லாத வாயு. மெல்ல மெல்லக் காற்றைத் தள்ளிவிட்டு அறையை நிரப்பும். உள்ளே இருப்பவனுக்கு மூச்சு முட்டுகிறதென்றுகூடத் தெரியாது. தூக்கம் வருகிறதென்று நினைப்பான்.

கொலை!

"இந்த டாங்க்க யார் பாத்துக்கறது?"

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அஹ்சன் எழுந்தான். பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பையன். கண்கள் செக்கச் சிவந்திருந்தன.

"நான்தான் சார்."

"சரி. அப்ப நீ..."

"நான்தான் சார் அவரைக் கொன்னேன்."

சின்னராசு கையிலிருந்த டீ தளும்பியது. குப்புராஜ் மட்டும் அசையவில்லை.

"உக்காரு தம்பி. எப்படிக் கொன்ன, நிதானமா சொல்லு."

"தொழுகைக்குக் கிளம்பினேன் சார். பன்னெண்டு இருபது. இந்தக் கதவைத் தாண்டிப் போறப்ப உள்ள தொப்புன்னு ஒரு சத்தம். யாரோ எழுந்து விழுந்த மாதிரி. நின்னேன். கதவுல கை வச்சேன். சிவப்பு எரிஞ்சுக்கினு இருந்தது..."

"திறக்கல."

"திறக்கல சார். தொழுகைக்குப் போயிட்டேன்." அவன் முகத்தை மூடிக்கொண்டான். "அங்க அல்லா முன்னாடி நின்னுக்கினு, சார் இங்க... அப்ப திறந்திருந்தா பொழைச்சிருப்பார் சார். நான் திறக்கல."

"இன்னாத்துக்குத் திறக்கல? அதுல அப்படி இன்னா இருக்குது?"

அஹ்சன் சொன்னான். திக்கித் திக்கிச் சொன்னான். ஒளியைத் துளித் துளியாக அனுப்பும் மெஷின் அது. உள்ளே இருப்பது அந்த ஒற்றைத் துளியையும் எண்ணும் டிடெக்டர். நைட்ரஜனில் குளிரவைத்து, கும்மிருட்டில் வைத்திருக்க வேண்டும். மெஷின் ஓடும் நாட்களில் சார் விடியும் முன்பே, வெளியேயும் இருட்டாக இருக்கும்போதே, உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார்.

"எதுக்கு?"

"பூட்டு சார். ரகசியத்துக்குப் பூட்டு. நாளைக்கு குவாண்டம் கம்ப்யூட்டர்னு ஒண்ணு பெருசா வந்துடுச்சுன்னா, இப்ப பேங்க்ல, மிலிட்டரில இருக்கற பூட்டு நிறைய அதுக்கு அப்பளம் மாதிரி. ஒடச்சிடும். இந்தப் பூட்டு அப்படி இல்ல. சாவிய ஒளித்துளில அனுப்பறோம். நடுவுல எவனாவது திருட்டுத்தனமா பாத்தா, பாத்த உடனே அந்தத் துளி மாறிடும். பாத்தான்னு நமக்குத் தெரிஞ்சிடும்."

"பாத்தாலே மாறிடுமா?"

"ஆமா சார். பாக்கறதுக்கு முன்னாடி அது இப்படியும் இருக்கும், அப்படியும் இருக்கும். ஒரு கதை சொல்லுவாங்க. பெட்டிக்குள்ள பூனை. விஷமும் உள்ள இருக்குது. பெட்டியத் திறக்கற வரைக்கும் பூனை செத்ததும் உண்மை, சாகாததும் உண்மைன்னு."

"பூனைய எவனாவது கேட்டானா?"

அஹ்சனுக்குச் சிரிப்பு வரவில்லை. வரும் நிலைமையிலும் அவன் இல்லை.

"போன வருஷம் சிவப்பு எரியறப்ப மறந்துபோய்த் திறந்துட்டேன் சார். நாலு நாள் வேலை போச்சு. சார் ரெண்டு நாள் என்கிட்ட பேசல. அந்த பயம். திங்கக்கிழமை டெல்லியிலேர்ந்து மெஷினப் பாக்க வராங்க. இது ஆறாவது நாள் ஓட்டம். அத்தக் கெடுத்துடக் கூடாதுன்னு..."

"அவருக்கு நீ இன்னா வேணும்?"

"ஒண்ணும் இல்ல சார். வேலைக்காரன். எங்க வாப்பா மவுத்தானப்ப பழவேற்காடு வந்து மூணு நாள் எங்க ஊட்லயே இருந்தார்."

குப்புராஜ் எழுந்தார். இந்த மாதிரி அழுகிற கொலைகாரர்களை அவர் பார்த்திருக்கிறார். இந்த மாதிரி அழுகிற நிரபராதிகளையும் பார்த்திருக்கிறார். வித்தியாசம் கண்டுபிடிக்கத்தான் அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது.

"அந்த மிஷின் எண்ணும்னு சொன்னியே. எங்கயாவது எழுதி வைக்குமா?"

அஹ்சன் நிமிர்ந்தான்.

*

கம்ப்யூட்டர் திரையில் எண்கள் ஓடின. ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு எண்.

"இது இருட்டு சார். நூறு, நூத்திரெண்டு, தொண்ணூத்தெட்டு. இப்படியேதான் இருக்கும்."

"கடைசில இன்னா?"

"கடைசில... ஒண்ணு நாப்பத்தஞ்சு. நான் கதவத் திறந்தது. திடீர்னு லட்சக்கணக்குல ஏறி, அப்புறம் ஒண்ணுமே இல்ல." அவன் குரல் இறங்கியது. "டிடெக்டர் எரிஞ்சு போச்சு சார். வெளிச்சம் பட்டா எரிஞ்சிடும். திறக்கறதுக்கு முன்னாடி வெளிய இருக்கற சுவிட்ச்ச அணைக்கணும். அணைச்சா ஓட்டம் கெட்டாலும் டிடெக்டர் தப்பிக்கும். பதற்றத்துல அணைக்கல."

"மேல போ."

எண்கள் மேலே ஓடின. பன்னிரண்டு இருபது. இருட்டு. பன்னிரண்டு. இருட்டு. பதினொன்று நாற்பத்திரண்டு...

அஹ்சனின் விரல் நின்றது.

"சார்... இது நான் இல்ல."

பதினொன்று நாற்பதுக்குச் சரியாக எண்கள் பூஜ்யமாகின. தொண்ணூறு விநாடி வெறும் பூஜ்யம். பிறகு எண் வந்தது. ஆனால் நூறு இல்லை. ஆயிரத்து எழுநூறு. அதிலிருந்து படிப்படியாக இறங்கி நூறுக்கு வர இருபது நிமிடம் பிடித்திருந்தது.

"இன்னா அர்த்தம்?"

"சுவிட்ச்ச அணைச்சிருக்காங்க. அப்புறம் கதவத் திறந்திருக்காங்க. வெளிச்சம் பட்ட சுவரு கொஞ்ச நேரம் மின்னிக்கினே இருக்கும் சார். நம்ம கண்ணுக்குத் தெரியாது. டிடெக்டருக்குத் தெரியும். மறுபடி கதவ மூடி, சுவிட்ச்சப் போட்டுட்டுப் போயிருக்காங்க."

"நீ அப்ப எங்க இருந்த?"

"கேட்ல. நைட்ரஜன் லாரி வந்தது. பதினொன்னரைலேர்ந்து பன்னெண்டு அஞ்சு வரைக்கும். செக்யூரிட்டி நோட்டுல கையெழுத்து இருக்குது."

சின்னராசு ஓடிப்போய் நோட்டைப் பார்த்துவிட்டு வந்து தலையாட்டினான்.

குப்புராஜ் டீயை ஒரே வாயில் குடித்தார். டம்ளரைத் திரும்பிப் பார்க்காமல் நீட்டினார்.

"அந்த சுவிட்ச் யார் யாருக்குத் தெரியும்?"

அஹ்சன் திரையிலிருந்து கண்ணை எடுத்தான். அவனுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"சாருக்கு. எனக்கு. அப்புறம்... ஜோதிலட்சுமி மேடத்துக்கு."

*

டாக்டர் ஜோதிலட்சுமி. முப்பத்தாறு வயது. தினமும் திருநின்றவூரிலிருந்து ரயில் மாறி ரயில் ஏறி, ஒரு நாளும் தாமதமாக வராதவள். மேஜைமேல் பென்சில்கள்கூட உயர வரிசையில் இருந்தன.

"காலைலேர்ந்து என் சீட்லதான் இருந்தேன் இன்ஸ்பெக்டர். திங்கக்கிழமை டெமோவுக்குத் தயார் பண்ணிட்டு இருந்தேன்."

"அந்த மிஷின் உங்க ஐடியாவாம்மா?"

"எட்டு வருஷம். என் டாக்டர் பட்டமே அதுதான்."

"ஆதிநாராயணன் சாருக்கும் உங்களுக்கும் எதாவது தகராறு?"

"தகராறு இல்ல. கருத்து வேறுபாடு."

"எதுல?"

அவள் ஒரு பென்சிலை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

"அளந்து பாக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் உண்மையா, இல்லையாங்கறதுல. இல்லைங்கறது என் கட்சி. இருக்குங்கறது அவர் கட்சி. உங்களுக்குப் புரியாது."

"புரியலதான். ஆனா அவர் நோட்டுல நேத்து எழுதி வச்சது புரிஞ்சுது. பளீர்னு வெளிச்சத்த அடிச்சா டிடெக்டர் குருடாயிடுது, அப்புறம் திருடன் சொன்னதத்தான் கேக்குது, அவன் பாத்த தடயமே இல்லன்னு. அதாவது, இந்தப் பூட்டுலயே ஓட்டை. 'திங்கட்கிழமை இதைச் சொல்லிவிட வேண்டும்'னு கீழ கோடு போட்டு இருக்குது."

ஜோதிலட்சுமி பென்சில் வரிசையை நேராக்கினாள்.

"எவனும் இதுவரைக்கும் அப்படித் திருடினதில்ல. திருடாத வரைக்கும் அது ஓட்டையே இல்லன்னு எவ்வளவோ சொன்னேன்."

"அவர் இன்னா சொன்னார்?"

"'அளக்கலன்னா தப்பு இல்லன்னு ஆயிடுமாம்மா?'ன்னு சிரிச்சார்."

குப்புராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, ஒரு சந்தேகம். அந்தப் பையன் சாரைப் பாக்கணும்னு கதவத் திறந்தான். டிடெக்டர எரிச்சுட்டான். இன்னொருத்தர் பதினொண்ணு நாப்பதுக்குத் திறந்திருக்கார். உள்ள ஒரு மனுசன் செத்துக்கினு இருக்கான். அப்பவும் அந்த ஆளு மறக்காம சுவிட்ச்ச அணைச்சிருக்கார். வெளிய போறப்ப மறக்காம போட்டிருக்கார். மனுசன சாகடிக்கலாம், டிடெக்டர எரிக்கக் கூடாது. அப்படிப்பட்ட ஆளு இந்தக் கம்பெனில யாரு?"

ஜோதிலட்சுமி சுவிட்ச் இருந்த சுவரின் பக்கம் திரும்பினாள். பிறகு தன் வலது கையைப் பார்த்தாள். அது தன்னுடையது என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"பழக்கம்," என்றாள். "எட்டு வருஷப் பழக்கம். அணைச்சேன்னே எனக்கு நினைவில்ல."

பிறகு அழுதாள். வரிசையாக, அடக்கமாக, பென்சில்களைக் கலைக்காமல் அழுதாள்.

"வால்வைத் திறந்துட்டு அப்படியே விட்டிருக்கலாம்ல? எதுக்கும்மா கதவத் திறந்து பாத்த?"

"தெரியாம இருக்க முடியல. போயிட்டாரா இல்லையான்னு தெரியாம என்னால உக்கார முடியல. பாத்தேன். கீழ கிடந்தார். மூச்சு இருந்தது. லேசா. இழுத்து வெளிய போட்டிருக்கலாம். எத்தனையோ தடவை என் பேப்பரத் திருத்திக் கொடுத்த கை. அதத் தாண்டி, கதவ மூடிட்டு வந்தேன்."

குப்புராஜின் போலீஸ் மூளை கணக்குப் போட்டுவிட்டது.

பதினொன்று நாற்பதுக்கு மூச்சு இருந்தது. தொண்ணூறு விநாடி கதவு திறந்திருந்தது. நல்ல காற்று உள்ளே போனது. கொல்ல வந்தவள் எட்டிப் பார்த்ததே அந்த மனிதருக்கு இன்னும் கொஞ்ச நேர உயிரைக் கொடுத்தது. பன்னிரண்டு இருபதுக்கு எழுந்திருக்கப் பார்த்திருக்கிறார். நாற்காலியைப் பிடித்திருக்கிறார்.

தொப்.

கதவுக்கு வெளியே, திறக்காத ஒரு கை.

"சின்னராசு, லேடி கான்ஸ்டபிள வரச்சொல்லு," என்றார்.

*

வராந்தா பெஞ்சில் அஹ்சன் அப்படியே உட்கார்ந்திருந்தான். ஜோதிலட்சுமியை ஜீப்பில் ஏற்றியதைப் பார்த்தான். அவன் முகத்தில் நிம்மதி வரவில்லை.

"மேடம் வால்வைத் திறந்தாங்க. சரி சார். ஆனா நான் கதவத் திறக்கலயே. அந்த சத்தம் கேட்டப்ப அவர் உயிரோட இருந்தாரா சார்? அது மட்டும் சொல்லுங்க. அது தெரியாம நான் ஊட்டுக்குப் போக முடியாது."

குப்புராஜ் அவனையே பார்த்தார். இருபத்தேழு வயது. இன்னும் நாற்பது வருஷம் இந்தக் கேள்வியோடு தூங்க வேண்டும்.

சட்டைப்பையிலிருந்து கவரை எடுத்தார். மேலே அச்சடித்திருந்த எழுத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்.

"போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் தம்பி. இப்பத்தான் வந்தது. பதினொண்ணு அம்பதுக்கே உயிர் போயிடுச்சு. நீ கேட்டது நாற்காலி சாஞ்ச சத்தம். பிணம் நழுவிச் சாஞ்சிருக்குது."

"நிஜமாவா சார்?"

"போலீஸ்காரன் பொய் சொல்வானா நைனா?"

அஹ்சன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேவினான். அன்றைக்கு முதல் தடவையாக மூச்சு முழுசாக விட்டான். தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தான். குணசுந்தரி அம்மாவுக்கு, ஆதிநாராயணன் சாரின் மனைவிக்கு, தானே போய்ச் சொல்வதாகச் சொல்லிவிட்டு நடந்தான்.

அவன் கேட்டைத் தாண்டும் வரை சின்னராசு காத்திருந்தான்.

"சார்... பாடி இப்பத்தான் ஆஸ்பத்திரிக்கே போயிக்கினு இருக்குது. ரிப்போர்ட் எப்படி சார் வந்துச்சு? அந்தப் பையன் திறந்திருந்தா..."

"வாய மூடு." குப்புராஜ் இருட்டறைக் கதவைப் பார்த்தார். சிவப்பு விளக்கை யாரும் இன்னும் அணைக்கவில்லை. அவரே எட்டி அணைத்தார். "இந்தப் பாவம் என் கணக்குல இருக்கட்டும். சுமக்கறதுக்கு எனக்குத் தொப்பை இருக்குது, அவனுக்கு இல்ல."

"அப்ப அந்தக் கவர்ல இன்னா சார்?"

"என் சக்கரை டெஸ்ட் ரிசல்ட்டுய்யா. ரெண்டு வாரமா பிரிக்கல." குப்புராஜ் கவரைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பிரிக்கற வரைக்கும் எனக்கு சக்கரை இருக்குது, இல்லவும் இல்ல. போய் ரெண்டு ஜிலேபி வாங்கினு வா!"