வரைபடத்தில் இருந்த படிக்கட்டு

"எனக்கு ஆறு வயசுல அம்மா வீட்டை விட்டு ஓடிட்டாங்கன்னு சொல்லித்தான் வளர்த்தாங்க. இப்ப அது பொய்யோன்னு தோணுது சார்."

வந்தவள், காலஞ்சென்ற ஆலை முதலாளியின் ஒரே மகள். துப்பறிவாளரின் மேசைமேல் அவள் விரித்தது, பழமையான தங்கள் மாளிகையின் வரைபடம். அதில் அம்மாவின் மாடி அறையை ஒட்டி, சமையற்கட்டுவரை இறங்கும் பின்படிக்கட்டு ஒன்று இருந்தது. அவளும் சித்தப்பாவும் வசிக்கும் அந்த வீட்டில் இப்போது அப்படி எதுவும் இல்லை.

"சித்தப்பா என்ன சொல்றாரு?"

"அவரோட தாத்தா காலத்துலயே அடைச்சாச்சாம். அவரே பார்த்ததில்லையாம். எனக்கும் அப்படி ஒண்ணு ஞாபகம் இல்ல."

துப்பறிவாளர் எழுவதற்குள் அவருடைய உதவியாளர் காமிராவோடு வாசலில் நின்றார். சும்மாவா அவருக்கு 'அவசரம்' என்று பெயர்!

மாளிகையின் மாடி நடைக்கூடத்துக் கூரையில் வரிசையாகச் சுதைப் பூக்கள். கோடியில் இருந்த பூவைச் சுவர் பாதியாக வெட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு சுவிட்ச். அதிலிருந்து கிளம்பிய மின்கம்பிக் குழாய் நேராக அந்தச் சுவருக்குள் போனது.

"இந்த வயரிங் எப்பப் போட்டது?"

"அப்பா கல்யாணத்துக்கு. வீடு முழுக்கப் புதுசா."

அவசரம் துள்ளினார். "அப்படின்னா இது படிக்கட்டு விளக்கோட சுவிட்ச், அப்பவும் படிக்கட்டு புழக்கத்துல இருந்திருக்கு! சுவரை இடிச்சுப் பார்த்துடலாம் சார்!"

சத்தம் கேட்டுச் சித்தப்பா வந்தார். அண்ணனுக்குப் பின் ஆலையை நடத்துபவர். "எதுக்கு சார் சுவரை இடிக்கணும்? வெறும் இருட்டுப் படி. கைப்பிடி வேற ஆடும், யாராவது விழுந்து வைப்பீங்க."

"வரைபடத்துல கைப்பிடி இருக்கு. அது ஆடும்னு போடலையே" என்றார் துப்பறிவாளர் அமைதியாக. "பார்க்காத படிக்கட்டோட கைப்பிடி ஆடுறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சித்தப்பா சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த வருஷம் ஆலையில தீப்பிடிச்சு ஆறு பேர் செத்தாங்க. கதவை வெளிய பூட்டச் சொன்னது நான்தான்னு அண்ணிக்குத் தெரிஞ்சுபோச்சு. அண்ணன் ஊர்ல இல்ல. போலீஸுக்குப் போறேன்னு அந்தப் படியில விறுவிறுன்னு இறங்கினாங்க. கையைப் பிடிச்சு இழுத்தேன், உதறினாங்க. கைப்பிடி பெயர்ந்து உருண்டு விழுந்தாங்க. படிக்கு மேலயும் கீழயும் இருந்த ரெண்டு கதவையும் பூட்டிட்டேன். மறுநாள் கொத்தனாரை வரவழைச்சு, ரெண்டு கதவையும் மறைச்சுச் சுவர் எழுப்பினேன். அண்ணன் வந்ததும், அண்ணி ஓடிட்டாங்க, படி ஆபத்தா இருந்துச்சு அடைச்சுட்டேன்னு சொன்னேன்."

"கீழ இறங்கி, உயிர் இருக்கான்னு பார்த்தீங்களா?"

"பார்க்கல."

அவசரம்கூட அசையவில்லை. மகள் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"அம்மா காணாமப் போன மறுநாள் ராத்திரி இந்தச் சுவத்துக்குள்ள டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டுச்சு. பயந்து உங்ககிட்டத்தான் ஓடி வந்தேன் சித்தப்பா. எலின்னு சொல்லி, என்னைத் தூக்கிட்டுப் போய் வேற ரூம்ல தூங்க வச்சீங்க."