எலும்புகளுக்குச் சுவாச உரிமம்

காலை ஆறு மணிக்கு, நகரத்தில் மூச்சு விடுவோரை எண்ணும் மூச்சுமானி நாற்பதாயிரத்துப் பன்னிரண்டு என்று காட்டியது. நேற்றும் அதுதான். செவ்வாயின் அந்த மாட நகரத்தில் உரிமங்களின் எண்ணிக்கையைவிட ஒரு மூச்சு கூடினால் மணி அடிக்கும். உரிமம் இல்லாதவரைத் தேடிப் பிடித்து வெளியே அனுப்புவது வாயிற்காவலர் சிப்போராவின் வேலை.

வெளியே மூன்று நாளாக ஒரு கப்பல் நின்றிருந்தது. அதில் முப்பத்தொரு பேர். நகரத்தைக் கட்டியவர்களைப் போலவே யூதர்கள். வியாழனின் நிலவொன்றில் குடியிருப்பு உடைந்து வந்தவர்கள். சிப்போராவின் தங்கை தீனாவும் அதில் இருந்தாள். அவளுக்காக சிப்போரா ஒன்பது முறை மனு கொடுத்துவிட்டாள். காற்று போதாது என்று ஒன்பது முறையும் பதில் வந்தது.

கப்பலில் யோனா பெர்லிஸின் எலும்புகளும் இருந்தன. யூதர்களுக்கு ஒரு நாடு வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிய ஒடெசா மருத்துவர். அலைகிறவனுக்குத் திறக்கும் ஒரு வாசல் வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. பூமியை விட்டு வியாழனுக்குக் கிளம்பியவர்கள் அவரையும் பெட்டியில் தூக்கிவந்தார்கள். நகரத்தில் ஒரு சாலைக்கும் இரண்டு பள்ளிகளுக்கும் அவர் பெயர்.

நகர அவை உடனே முடிவெடுத்தது. பெட்டி வரலாம்; ஆட்கள் வரக்கூடாது. பெர்லிஸுக்கு ஆயுட்காலச் சுவாச உரிமமும் வழங்கப்பட்டது.

“செத்தவருக்கு எதுக்கு சார் காத்து?” என்றாள் சிப்போரா.

“மரியாதைம்மா,” என்றார் அவைத் தலைவர் ஆசேர். “இதுலயுமா கணக்குப் பாப்பாங்க?”

பெட்டி வாயிலறைக்குள் வந்தது. உள்கதவுக்கு அப்பால் ஆசேர் மாலையோடு நின்றார். சிப்போரா பெட்டியின் உள்ளே இருப்பதைக் காட்டும் கதிர்த்திரையைப் பார்த்தாள். விலா எலும்புகள் ஏறி இறங்கின.

“எலும்புதானே?” ஒலிபெருக்கியில் ஆசேர் கேட்டார்.

“எலும்புதான் சார். கிருமிநீக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும்.”

மூடியைத் திறந்தாள். தீனா இருமிக்கொண்டே எழுந்தாள்.

“பெர்லிஸ் எங்கடி?”

“கப்பல்லதான். எல்லாரையும் உள்ள விட்டாத்தான் வருவேன்னுட்டார்.”

“இந்த நேரத்துலயும் கிண்டலா?”

“அழுதா காத்து செலவாகும்க்கா. உங்கக்கா வாசல்ல இருக்கா, நீயாவது போன்னு என்னைப் படுக்க வச்சாங்க.”

சிப்போரா தன் மாற்றுச் சீருடையை அவளிடம் எறிந்தாள். தரை போட அங்கே குவித்திருந்த சிவந்த செவ்வாய்க் கற்களை இருவரும் பெட்டிக்குள் அடுக்கினார்கள்.

மறுநாள் காலை மூச்சுமானி நாற்பதாயிரத்துப் பதின்மூன்று என்றது. மணி அடிக்கவில்லை. பெர்லிஸுடையதையும் சேர்த்து உரிமங்களும் அத்தனைதான்.

ஆசேர் அந்த எண்ணைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாத்தியாம்மா, நம்மகூடத்தான் மூச்சு விடறார்.”

மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. கல்லறையில் கூழாங்கல் வைக்கும் பழைய வழக்கப்படி ஒவ்வொருவரும் பெட்டிமேல் ஒரு கல் வைத்தார்கள். வரிசையில் நின்று தீனாவும் ஒன்று வைத்தாள்.

மேலே, ஏழு நாள் காற்றோடு, முப்பது பேருடன், பெர்லிஸ் அடுத்த வாசலைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார்.