மீன் இல்லாத மீன் தொட்டி

"காலித் தொட்டிக்கு எதுக்குப் பலகை?" என்று சிரித்துவிட்டு அந்தக் குடும்பமும் நகர்ந்துவிட்டது.

குண்டூசிக்கு அழுகையே வந்தது. ஒல்லியாக இருப்பதால் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர். மீன் காட்சியகத்தில் தொட்டிகளைக் கவனித்துக்கொள்வது அவள் அம்மாவின் வேலை. பள்ளி விட்டதும் அவளும் அங்கே வந்துவிடுவாள்.

தொட்டி காலி இல்லை. அடியில் ஒரு கணவாய், மணலோடு மணலாக நிறம் மாறிப் படுத்திருந்தது.

மேலாளர் வந்தார். "யாருமே பார்க்கலைன்னா இது எதுக்கு? நாளைக்கு இதை வேற எங்கயாவது அனுப்பிட்டு, கலர் மீன் விட்டுடலாம்."

அம்மாவின் முகம் வாடிப்போனது. அவர் தண்ணீரில் கை வைத்தாலே நீந்தி வரும் கணவாய் அது.

குண்டூசி பலகையை முறைத்தாள். 'கணவாய் மீன்' என்று மட்டும் இருந்தது.

"அம்மா, இது என்ன வகை மீன்?"

"மீனே இல்லடி. நத்தைக்குச் சொந்தக்காரன்."

"அப்புறம் ஏன் மீன்னு எழுதியிருக்கு?"

"கடல்ல நீந்துதுல்ல, அப்படியே சொல்லிப் பழகிட்டாங்க. மீன் விக்கிறவங்க ஓட்டுக்கணவாய்ன்னு சொல்வாங்க."

"ஓடு எங்கே?"

"உடம்புக்குள்ளே."

"சட்டையை யாராவது உள்ளே போட்டுப்பாங்களா?"

அவளுக்குத் தலை சுற்றியது. டிக்கெட் கிழிக்கும் மாமாவிடம் ஓடினாள். அவர் கைபேசியில் தேடினார்.

"இங்கிலீஷ்ல கட்டில்ஃபிஷ்."

"கட்டிலா? கடலுக்குள்ள யார் மாமா படுத்துக்கிறது?"

"அந்தக் கட்டில் இல்ல. ஏதோ பழைய வார்த்தை. பைன்னு அர்த்தமா இருக்கலாமாம்."

"இருக்கலாமா?"

"அவங்களுக்கே குழப்பம். என் உயிரை எடுக்காதே, போ!"

குழப்பம் குறையாமல் திரும்பி வந்தாள். ஒரு அக்கா கண்ணாடியில் மூக்கை ஒட்டி, தண்ணீரின் மேல்பக்கமாகத் தேடிக்கொண்டிருந்தாள். "வாலும் காணோம், துடுப்பும் காணோம். எங்கே மீன்?"

குண்டூசி நிமிர்ந்தாள். எல்லாரும் மீனைத் தேடுகிறார்கள்! மணலை யார் பார்க்கப்போகிறார்கள்?

அம்மாவிடம் தடிமனான பேனா வாங்கி, பலகையைத் திருப்பி எழுதினாள்:

'பெயரில்தான் மீன். நான் மீன் இல்லை. என் ஓடு எனக்குள்ளே இருக்கிறது. இங்கிலீஷ்காரர்கள் எனக்கு ஏன் அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று அவர்களுக்கே சரியாகத் தெரியாது. மணலில் பாருங்கள். நெளிந்த கோடு மாதிரி ஒரு கண் தெரியும்.'

சற்று நேரத்தில் ஒரு சின்னப் பெண் கத்தினாள்.

"அம்மா! மணல் என்னைப் பாக்குது!"

அவ்வளவுதான். போனவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேலாளரும் வந்து குனிந்தார். மணல் மெல்ல எழுந்தது. அதன் முதுகில் வரிகள் ஓடின. மறுபடி மணலாகிவிட்டது.

மேலாளர் நிமிரவே இல்லை.

"கலர் மீனுக்கு வேற தொட்டி பார்த்துக்கலாம்" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா குண்டூசி, நாம இதைப் பாக்குறோமா, இது நம்மளைப் பாக்குதா?"

"அதான் சார், எனக்கும் குழப்பம்" என்று அவரோடு சேர்ந்து குனிந்துகொண்டாள் குண்டூசி.